சட்டி நோன்பும் பசியும்

(கந்தசட்டி விழா முதல்நாள் மாலை நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பிரதமை, கந்தசட்டி நோன்பின் முதல்நாள். காலையில் காப்புக் கட்டிக்கொண்டு, இப்பொழுது இம்மண்டபத்தில் வந்து அமர்ந்திருக்கும் அன்பர்களுள் பெரும்பாலோர் வெறும் வயிற்றினர் என்பதை யாம் அறிவோம். வெறும் வயிற்றினர் முன்னே நெடும்பேச்சுப் பேசுதல் அறமன்று. ஆயினும் யாம் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வயிற்றைப் பற்றியதே ஆதலின் சற்றுப் பொறுத்தருள்க. சூரனைப் பெருமான் வென்ற வரலாற்றை வரும் நாள்களில் பிற அறிஞர்கள் விரித்துரைப்பார்கள். ஆறு நாளும் உணவை விடுக்கப் புகுந்த நாம், அந்நாள்களில் பசியோடு எவ்வாறு உடன்வாழ்வது என்பதே எம் பேச்சு.

கந்தபுராணத்துத் தக்ககாண்டத்தில் கந்தவிரதப் படலம் என ஒரு படலமே உண்டு. முசுகுந்தச் சக்கரவர்த்திக்கு வசிட்ட முனிவர் முருகப்பெருமானுக்குரிய விரதங்களை எடுத்துக் கூறும் பகுதி அது. பின்னாளில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் பெருமான் தமது சைவ வினாவிடையில் இந்நோன்பின் முறையை வகுத்துரைத்தார். ஆறு நாளும் உபவாசம் இருத்தல் உத்தமம். அது கூடாதவர் முதல் ஐந்து நாளும் ஒருபொழுது உண்டு, சட்டியன்று மாத்திரம் உபவாசம் இருக்கலாம் என்பது அவர் காட்டிய நெறி. இங்கே ஒன்றை உற்று நோக்குக. 'கூடாதவர்' என்று ஒரு வகையினர் உளர் என்பதை நூல்வழியே ஒப்புக்கொண்டிருக்கின்றார்கள் நம் பெரியோர். நூல் இடம் கொடுத்த இடத்தில் நம் வீம்பு இடம் கொடுப்பதில்லை. இது பற்றிப் பின்னர் வருவோம்.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லுவோம். அமாவாசையோடு தீபாவளி கழிகின்றது. மறுநாள் பிரதமையில் சட்டி நோன்பு தொடங்குகின்றது. முன்னாள் முழுவதும் அதிரசம், முறுக்கு, இனிப்பு, நண்பர் வீட்டுப் பட்சணம், போதாக்குறைக்குச் செரிப்பதற்கென்று இலேகியம்! ஒருநாள் முழுதும் ஓயாது அரைத்துக்கொண்டிருந்த எந்திரத்தை மறுநாள் காலையில் 'நில்' என்றால் அது எப்படி நிற்கும்? இனிப்பு மிகுதியாக உண்டவர்க்கு மறுநாள் இன்னும் வேண்டுமென்றே நாவு கேட்கும். ஆகவே, இன்று உங்களுக்கு வயிறு கூப்பாடு போடுமாயின் அது நோன்பின் குற்றமன்று. நேற்றைய இலையின் குற்றம்.

மற்றொன்று காப்பி. இவ்வவையில் இப்பொழுது நெற்றியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் பலரைக் காண்கின்றோம். அன்பர்களே, அது பசியால் வந்த தலைவலி என்று எண்ணுகின்றீர்கள். பெரும்பாலும் அது காப்பியின் பிரிவாற்றாமை. நாள்தோறும் இருமுறை மும்முறை அருந்திப் பழகியவர் திடீரென நிறுத்தினால் 12 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தோன்றும். ஓரிரு நாள்களில் உச்சம் எய்திப் பின் மெல்லத் தணியும். நோன்புக்கு ஒரு வாரம் முன்பே நாளொன்றுக்கு ஒரு குவளையாகக் குறைத்து வந்தவர்க்கு இத்துன்பம் இல்லை. யாமே பல ஆண்டு இதனை அறியாது, 'முதல்நாளே முருகன் சோதிக்கின்றான்' என்று பெருமானின் மேல் பழி போட்டிருக்கின்றோம்.

இனிப் பசியைப் பற்றிச் சொல்லுவோம். உண்ணாதிருக்குந்தோறும் பசி மேன்மேலும் ஏறிக்கொண்டே போகும், ஆறாம் நாள் தாங்கொணாத எல்லையை எட்டிவிடும் என்று பழகாதவர் அஞ்சுகின்றனர். நோற்றுப் பழகியவர் இதனை மறுப்பர். பசி ஏணியைப்போல் ஏறுவதன்று. கடலலைபோல் வந்து போவது. காலை 8 மணிக்கு இட்டிலி உண்டு பழகியவர்க்கு 8 மணிக்கு அலை எழும். அரை மணியோ முக்கால் மணியோ அது வயிற்றைப் பிசையும். அப்போது அதற்கு ஒன்றும் ஈயாது, சிறிது நீர் பருகி, பிராகாரத்தை மும்முறை வலம்வந்து ஆறெழுத்தை ஓதிக்கொண்டிருந்தால், 9 மணிக்கு அஃது எங்கே போயிற்று என்று தேடவேண்டியதாகும். பிற்பகல் 1 மணிக்கு மீண்டும் வரும், மீண்டும் போகும். மூன்றாம் நாளில் வருகை தளரும். அழையா விருந்தாளி திண்ணையில் அமர்ந்து பார்த்து, வீட்டார் கதவு திறவாமை கண்டு எழுந்து போவதுபோல என்க.

இதற்கு மருத்துவ நூலார் காரணம் கூறுகின்றனர். இரைப்பையில் பெரிதும் சுரந்து மூளைக்குப் பசியை அறிவிக்கும் ஒரு நீரினை 1999-ஆம் ஆண்டில் சப்பானிய அறிஞர் கண்டறிந்தனர்; கிரெலின் என்பது அதன் பெயர். அது நாம் உண்டு பழகிய வேளையை நினைவில் வைத்துக்கொண்டு அவ்வேளையில் மிகுந்து சுரக்கின்றது. நாம் உண்ணாவிடினும் சற்றுநேரத்தில் தானே தாழ்கின்றது. மேலும், நம் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம் அளவுக்குச் சருக்கரைச் சத்து சேமிக்கப்பட்டிருக்கும். உண்ணாதிருப்பின் ஏறத்தாழ ஒரு நாளில் அது பெரும்பாலும் தீர்ந்துபோக, உடல் தன் கொழுப்பை உருக்கி உண்ணத் தொடங்கும். இந்த மாற்றம் நிகழும் காலமே சோர்வும் எரிச்சலும் மிக்க காலம். முதல் இரண்டு நாளைக் கடந்தவர்க்கு மூன்றாம் நாள் உடல் இலேசாகத் தோன்றுவதன் காரணம் இதனோடு தொடர்புடையது.

இக்காலத்து இளைஞர்கள் நாளில் 16 மணி நேரம் உண்ணாமலும் 8 மணி நேரத்துக்குள் உண்டும் உடலைப் பேணுகின்றனர். இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்று அதற்குப் பெயர் சொல்லுகின்றனர். எடை குறைக்கவேண்டி இருப்பினும், வேளை தவறாது அடக்கம் பழகுவது நன்றே. அவர்களை நாம் எள்ளவேண்டுவதில்லை. ஆயின், நம் மேடைகளில் ஒரு வழக்கம் பெருகிவருகின்றது. யோசினோரி ஓசுமி என்னும் அறிஞர்க்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்ததைச் சொல்லி, 'நம் சட்டி விரதத்துக்கே பரிசு கிடைத்துவிட்டது' என்று கைதட்டு வாங்குகின்றனர். அவர் ஆராய்ந்தது உயிரணு தன்னுள் பழுதுபட்டவற்றைத் தானே சிதைத்துப் புதுக்கும் முறையை. அதனையும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் வைத்தே தெளிந்தார். அவர் உழைப்புக்குக் கிடைத்ததை நாம் உரிமை கொண்டாடுவானேன்? உபவாசம் என்ற சொல்லுக்கு அருகே வசித்தல் என்பது பொருள். இறைவனுக்கு அருகே வசிக்கச் செல்பவனுக்கு எவருடைய நற்சான்றும் வேண்டா.

தாய்மார்கள் சார்பாக ஒன்று சொல்லவேண்டும். ஆடவர் நோற்றால் கோயிலில் வந்து அமர்ந்துகொள்கின்றனர். பெண்கள் நோற்றாலோ, வீட்டில் நோலாத பிள்ளைகளுக்கும் முதியோர்க்கும் அடுப்படியில் நின்று சமைக்கின்றனர். தாளிக்கும் மணம் ஒரு நாழிகையில் எழுப்பும் பசியைப் பிராகாரத்தில் உலவும் ஆடவர் நாள் முழுதும் அறியார். இந்த ஆறு நாளும் வீட்டில் ஒரு சோறு, ஒரு குழம்பு போதும் என்று மற்றவர் ஒப்பவேண்டும். ஆடவருள் வல்லார் அடுப்பை ஏற்கவேண்டும். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் யாவரும் ஆடவர் பகுதியில் இருப்பதைக் காண்கின்றோம்.

பழத்தை உணவாகக் கொள்ளும் பலாகாரம் நாளடைவில் பலகாரமாகித் தோசையும் உப்புமாவும் ஆன கதை நீங்கள் அறிந்ததே. அதனை விரித்து உங்கள் நாவில் நீர் ஊறச் செய்ய விரும்புகின்றிலோம்.

இனி எம் உள்ளத்தில் பல்லாண்டாகக் கிடக்கும் ஒன்றைச் சொல்லுவோம். இதனைச் சொல்லவே இன்று முதல்நாளைக் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

எம் அன்னையார் 30 ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டி நோன்பு நோற்றவர்கள். இளமையில் ஆறு நாளும் நீரும் மிளகும் மட்டுமே. நாளுக்கு ஒரு மிளகாகக் கூட்டிக்கொள்வார்கள். முதுமையில் நீரிழிவு வந்தது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அவ்வாண்டும் இதுபோன்றே ஒரு மண்டபத்தில் முதல்நாள் சொற்பொழிவு எம்முடையதாக இருந்தது. உண்ணாநோன்பின் பெருமையை யாம் வானளாவ எடுத்துரைத்தோம். ஒருபொழுது உண்போரைச் சற்றே ஏளனமும் செய்தோம், அவையும் நகைத்தது. எம் அன்னையார் முன்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் முதல் அவர்கள் உணவை முற்றும் விட்டார்கள். மாத்திரையை மட்டும் விடவில்லை. மாத்திரை உணவன்று, அதனால் நோன்புக்குப் பங்கமில்லை என்பது அவர்கள் எண்ணம். நான்காம் நாள் மாலை, சாமி விளக்கின் முன் அமர்ந்திருந்தவர்களுக்கு உடல் வியர்த்துக் கொட்டிற்று. கை நடுங்கிற்று. பேச்சுக் குழறிற்று. அருகிருந்த உறவினர் ஒருவர் அருள் வந்திருக்கின்றது என்றே கைகூப்பினார். யாமும் திகைத்து நின்றோம். அடுத்த வீட்டிலிருந்து ஓடிவந்த செவிலியப் பெண் ஒருத்தி, ஒரு பார்வையில் நிலைமையை உணர்ந்து, சருக்கரையை நீரிற் கரைத்துப் பருகுவித்தாள். கால் மணி நேரத்தில் தெளிவு வந்தது. இன்னும் சற்றுத் தாழ்த்திருப்பின் நினைவு தப்பியிருக்கும் என்றும், நினைவு தப்பியவர் வாயில் எதுவும் ஊற்றலாகாது, மருத்துவமனைக்கே விரையவேண்டும் என்றும் அப்பெண் எமக்குச் சொன்னாள். இன்சுலின் ஊசி இடுவோர்க்கும், நீரிழிவு மாத்திரைகளுள் சிலவற்றை உட்கொள்வோர்க்கும் உணவு தவறினால் இரத்தத்துச் சருக்கரை அளவிறந்து தாழும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

தெளிந்ததும் அன்னையார் சொன்ன முதற்சொல், "தம்பி, என் நோன்பு முறிந்துபோயிற்றே" என்பது. சொல்லிவிட்டு அழுதார்கள். எமக்கு மறுமொழி வரவில்லை. ஏளனம் செய்த நாவுக்கு என்ன மறுமொழி இருக்கும்?

அவ்விரவு உறக்கமின்றிக் கிடந்த எமக்குத் திருநாவுக்கரசர் வரலாறே துணையாயிற்று. பழையாறை வடதளியில் சமணரால் மறைக்கப்பட்டிருந்த சிவலிங்கத் திருமேனியைக் கண்டன்றி உண்ணேன் என்று அப்பெருமகனார் உண்ணாதிருந்தார். இறைவன் அரசன் கனவில் தோன்றி, மறைப்பை நீக்குவித்தான். அடியார் உண்ணாமையை இறைவன் ஏற்றுக்கொண்ட இடம் அது. பின்னர் அதே அடியார் திருப்பைஞ்ஞீலியை நோக்கி வழிநடந்து பசியும் நீர்வேட்கையும் வருத்தத் தளர்ந்தபோது, அதே இறைவன் என்ன செய்தான்? வடதளியில் பொறுத்தவனன்றோ, இங்கும் பொறுத்துக்கொள் என்றானா? வழியில் ஒரு சோலையும் குளமும் ஆக்கி, வேதியர் கோலத்தில் பொதிசோற்றோடு காத்திருந்தான். உண்ணச் செய்தான்; உடன்நடந்தான்; பைஞ்ஞீலி அணித்தானதும் மறைந்தான். சேக்கிழார் பெருமான் இவ்விரண்டையும் ஒரே புராணத்துள் வைத்தார். உண்ணாதிருந்தபோது அருகிருந்தவன் உண்டபோதும் அருகிருந்தான். அருகே வசித்தல்தானே உபவாசம்? எனின், அச்செவிலியப் பெண் கொணர்ந்த சருக்கரை நீரால் எம் அன்னையார் நோன்பு எங்கே முறிந்தது?

விடிந்ததும் இதனை அவர்களிடம் சொன்னோம். கேட்டுக்கொண்டார்கள், முழுதும் ஒப்பினார்கள் என்று சொல்லமாட்டோம். ஆயினும் மறு ஆண்டு முதல் சட்டி வருமுன் மருத்துவரிடம் தாமே சென்று கேட்டு, வேளை தவறாது அளவாக உண்டு, மாத்திரையின் அளவையும் அவர் சொற்படி வைத்துக்கொண்டார்கள். உண்ணாமல் விட்டிருக்கக்கூடிய ஒவ்வொரு வேளைக்கும் ஓர் ஆழாக்கு அரிசியாக அளந்து, ஏழாம் நாள் கோயில் மடைப்பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்த ஆழாக்கு இன்றும் எம் வீட்டில் இருக்கின்றது.

ஆதலின் இங்குள்ள நீரிழிவு உடையோர், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், வயிற்றுப்புண் உடையோர், நாள்தோறும் மருந்துண்ணும் முதியோர் ஆகியோர் இன்றிரவே வீட்டாரோடு கலந்து, நாளை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்க. சிறுவர் நோற்க வேண்டா. நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் மயக்கமும் கண்டால் அந்நொடியே இனிப்பு நீர் பருகுக. அதற்கு எவரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டா. மற்றையோர் நீரைக் குறைக்கலாகாது. இளநீரும், சிறிது உப்பிட்ட நீர்மோரும் நெறிக்கு ஒத்தவர் கொள்ளலாம். அமர்ந்திருப்பவர் திடீரென எழுதல் வேண்டா. தூணைப் பற்றி மெல்ல எழுக.

பாரணை பற்றியும் ஒரு சொல். ஆறு நாள் ஒடுங்கிய குடலில் ஏழாம் நாள் காலை வடையும் பாயசமும் அப்பளமும் கொட்டி, மாலையில் திருக்கல்யாணம் காண வராமற்போனவர் பலர். குழைந்த சோறும் பாசிப்பருப்பும் சிறிது நெய்யும் முதலில் கொள்க. வடை மறுநாளும் இருக்கும்.

மணி ஒலிக்கின்றது; தீபாராதனைக்கு நேரமாயிற்று. தலைவலி உடையவர்களுக்காக மடைப்பள்ளி வாயிலில் சுக்கிட்ட வெந்நீர் வைத்திருக்கின்றார்கள். தரிசனம் முடித்துப் போகும்போது வாங்கிப் பருகிச் செல்க.

திருச்சிற்றம்பலம்.