தந்தையின் ஏடும் மகனின் ஒப்பமும்



அயர்லாந்தின் மோனகன் ஊரில், 1816-இல், கடைக்காரர் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தவர் சார்லசு கேவன் டஃபி. 1842-இல் தாமசு தேவிசு, சான் தில்லன் ஆகியோரொடு கூடித் டப்ளினில் ‘நாட்டினம்’ எனப் பொருள்படும் கிழமையிதழைத் தொடங்கினார். ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். 1848-இல் ஆங்கில ஆட்சி இதழை முடக்கி அவரைச் சிறையிலிட்டது. மீண்டும் மீண்டும் வழக்காடியும் அவரை ஒறுக்க இயலவில்லை. வெளிவந்தவர் இதழை மறுபடி எழுப்பினார்.

1852-இல் இலண்டன் நாடாளுமன்றம் புகுந்து குடியானவரின் நிலவுரிமைக்குப் போராடினார். உடன்வென்றோருட் சிலர் ஆட்சிக்கட்டில் கிடைத்ததும் உறுதிமொழியைக் கைகழுவினர். (எந்நாட்டிலும் இவ்வினத்தார்க்குக் குறைவில்லை!) உளங்கசந்து 1855-இல் ஆசுத்திரேலியாவின் விக்டோரியாவுக்குக் கப்பலேறினார்.

அங்கே சட்டமன்றம் புகுவார்க்குச் சொத்திருத்தல் வேண்டும். அன்பர்கள் பணந்திரட்டி அவர்க்குச் சொத்து வாங்கித் தந்தனர். உள்ளே சென்றவரோ, பேரவை உறுப்பினர்க்கு அத்தகுதியே வேண்டாவெனச் சட்டம் கொணர்ந்தார்! ஏழையர்க்கு நிலம் தர 1862-இல் அவர் இயற்றிய சட்டத்தைப் பெருநிலக்காரர் பொய்யாட்களை நிறுத்தி விழுங்கினர். நன்னோக்கம் இருந்தது, ஓட்டையும் இருந்தது. 1871-இல் அந்நாட்டின் தலைமையமைச்சர் ஆனார், ஓராண்டே நிலைத்தார். பின்னர்ப் பேரவைத் தலைவராகவும் வீற்றிருந்தார்.

இத்துணைப் பெருமையும் உடையாரிடம் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ‘நாட்டினம்’ எம்மொழியில் வந்தது? ஆங்கிலத்தில்! ஐரிசு மொழியைக் காக்கவேண்டுமென அவ்விதழில் தேவிசு எழுதினார். அதனையும் ஆங்கிலத்திலேயே எழுதினார். எழுத்தாளர் வாளாவிருக்கவில்லை; ஆனால் மொழி அவர் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் மடிந்தோரும் கப்பலேறினோரும் பெரும்பாலும் ஐரிசு பேசிய ஏழை உழவரே. 1851-ஆம் ஆண்டுக் கணக்கில் அம்மொழி பேசுவோர் ஏறத்தாழப் பதினைந்து இலக்கம். மக்களுள் நாலிலொரு பங்கினுங் குறைவு. அரசியல் விடுதலை முதலில், மொழி பின்னர் என்றிருந்தோர்க்கு அந்தப் ‘பின்னர்’ காத்திருக்கவில்லை.

1892-இல், முதுமையில், இலண்டனில் ஐரிசு இலக்கியக் கழகத்திற்கு டஃபி தலைவரானார். அடுத்த ஆண்டே டப்ளினில் வேறு சிலர் மொழிக்கென்றே ஒரு கழகங் கண்டனர். மக்கள் நாவில் மொழியை மீட்க முனைந்தோர் அவர்களே. டஃபி 1903-இல் பிரான்சில் மறைந்தார். உடல் டப்ளின் மண்ணில் அடக்கப்பெற்றது.

1921-இல் ஆங்கில அரசொடு அயர்லாந்து செய்துகொண்ட உடன்படிக்கையில் ஒப்பமிட்ட ஐவருள் ஒருவர் அவர் மகன் சார்சு. உடன்படிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. மகன் தம் பெயரை ஐரிசு மொழியில் எழுதினார்.