முதல் காதல், ஒரு போர், ஒரு கல்லூரித் தோழி

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஐயா, பழைய நினைவுகளைப் பேச நிறையப் பேர் இருக்கிறாங்க. நீங்க பிள்ளைகளுக்குப் பிடிச்ச மாதிரி இலக்கியம் பேசுங்க" என்று செயலர் கேட்டுக்கொண்டார். பிள்ளைகளுக்குப் பிடித்தது எது? காதல்தான்! ஆகவே காதலைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

இளைஞர்கள் விரும்பிப் படிக்கிற நாவல்களில் ஒரு வகை உண்டு. ஒரு பெண்ணுக்கு முதல் காதல் வருகிறது. நடுவில் போர் வருகிறது. காதலன் இறந்துபோகிறான். பெண் உடைந்துபோகிறாள். முந்நூறாம் பக்கத்தில் நல்லவனாக இன்னொருவன் வருகிறான், அவளுடைய கண்ணீரைத் துடைக்கிறான், காயம் ஆறிவிடுகிறது. படிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாழ்க்கையில் அந்தக் காயம் எப்படி ஆறுகிறது, யார் ஆற்றுகிறார்கள், எத்தனை நாள் பிடிக்கிறது? இதற்கு விடை சொல்லும் உண்மைக் கதை ஒன்று இருக்கிறது. அதுவும் ஒரு கல்லூரிக் கதைதான். அதனால் இந்த மேடைக்குப் பொருத்தமாக இருக்கும்.

கதாநாயகியின் பெயர் வேரா பிரிட்டன். 1893ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பா காகித ஆலை நடத்தியவர், வசதிக்குக் குறைவில்லை. ஆனால் "பெண் பிள்ளைக்குக் கல்லூரி எதற்கு?" என்ற பேச்சு அந்த வீட்டிலும் இருந்தது. வேரா விடவில்லை. அப்பாவோடு வாதாடி, தானாகவே படித்து, ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் வாங்கினார். அது 1914. நம் சென்னையில் ராணி மேரிக் கல்லூரி தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

வேராவுக்கு ஒரே தம்பி, எட்வர்ட். தம்பியின் பள்ளித் தோழன் ரோலண்ட் லெய்ட்டன். படிப்பில் சூரன், கவிதை எழுதுபவன். தம்பியோடு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த இடத்தில் பழக்கம் ஏற்பட்டது. இருவருக்கும் பிடித்தது புத்தகம். பேசியதும் புத்தகத்தைப் பற்றித்தான். தனியாகச் சந்திக்க முடியாது. கூடவே ஒரு பெரியம்மாவோ அத்தையோ துணைக்கு வர வேண்டும். நம்ம ஊர் மாதிரிதான், பாருங்கள்! அக்டோபரில் இருவரும் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்து படிப்பதாகத் திட்டம்.

ஆகஸ்டில் போர் வந்துவிட்டது. அது எங்கோ நடந்த போர் என்று நாம் நினைக்க வேண்டாம். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு போட்டதே, அதே போர்தான். "அவன் பெரிய எம்டன்" என்று இன்றைக்கும் நம் வீடுகளில் சொல்கிறோம் அல்லவா?

ரோலண்ட் படிப்பை விட்டுப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். வேரா மட்டும் கல்லூரிக்குப் போனார். மீதிக் காதல் முழுவதும் தபாலில் நடந்தது. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில் ஒரு காட்டுக்குள் பதுங்குகுழியில் இருந்தபோது, அங்கே பூத்திருந்த வயலெட் பூக்களைப் பறித்துக் கடிதத்தோடு அனுப்பினான். ஆனால் மாதங்கள் போகப் போகக் கடிதங்களின் குரல் மாறியது. மண்ணில் கிடந்த எலும்புகளைப் பற்றி எழுதினான். பிறகு எழுதுவதே குறைந்தது. வேராவுக்குக் கோபம், அப்புறம் சமாதானம். போர் ஒருவனைக் கொல்வதற்கு முன்னாலேயே மாற்றிவிடுகிறது. இதை நாவல்களில் பெரும்பாலும் பார்க்க முடியாது.

அந்த வேளையில் வேராவும் படிப்பை நிறுத்திவிட்டுத் தன்னார்வ நர்ஸாகப் போர்க்கால மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். "அவர் அங்கே துன்பப்படும்போது நான் இங்கே புத்தகம் புரட்டுவதா?" என்ற எண்ணம்தான் காரணம். 1915 ஆகஸ்டில் நிச்சயதார்த்தம் ஆயிற்று. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ரோலண்ட் வருவதாகச் செய்தி. வேரா பிரைட்டன் நகரில் காத்திருந்தார். டிசம்பர் 26ஆம் தேதி தொலைபேசி அழைத்தது. ஓடிப்போய் எடுத்தார். வந்தது மரணச் செய்தி. டிசம்பர் 22ஆம் தேதி இரவு முள்கம்பி வேலியைச் சரிசெய்யப் போனபோது குண்டு பாய்ந்து, மறுநாள் உயிர் போய்விட்டது. வயது 20. சில நாள் கழித்து, சேறும் இரத்தமும் படிந்த சீருடை ரோலண்டின் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அதைப் பிரித்தபோது வேராவும் அங்கே இருந்தார்.

அதோடு முடியவில்லை. 1917 ஏப்ரலில் நண்பர் ஜெஃப்ரி தர்லோ இறந்தார். அதே மாதத்தில் இன்னொரு நண்பர் விக்டர் ரிச்சர்ட்சன் இரு கண்களையும் இழந்தார். மால்டா தீவில் பணியில் இருந்த வேரா, விக்டரை மணந்து வாழ்நாள் முழுக்கக் கவனித்துக்கொள்வதென்று முடிவு செய்து ஊர் திரும்பினார். ஜூனில் விக்டரும் போய்விட்டார். 1918 ஜூன் 15ஆம் தேதி இத்தாலி மலைப்பகுதியில் தம்பி எட்வர்ட் கொல்லப்பட்டார். போர் முடிய இன்னும் ஐந்தே மாதம்! வயதில் ஒத்த நான்கு பிள்ளைகளில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது.

1919இல் வேரா கல்லூரிக்குத் திரும்பினார். வயது 25. சுற்றிலும் பள்ளி முடித்து வந்த சின்னப் பெண்கள். அவர்களுக்குப் போர்க்கதை கேட்கப் பொறுமை இல்லை. "அதான் முடிஞ்சு போச்சே, இன்னும் ஏன் அதையே பேசறாங்க?" என்ற முகபாவம். வேராவுக்குத் தூக்கம் போயிற்று. கண்ணாடியைப் பார்த்தால் தன் முகத்தில் தாடி முளைப்பது போலத் தெரியும். மாதக்கணக்கில் இந்தப் பயம். யாரிடமும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் செய்தார். இலக்கியத்தை விட்டு வரலாற்றுப் பாடத்துக்கு மாறினார். இந்தப் போர் ஏன் வந்தது, தன் பிள்ளைகள் எதற்காகச் செத்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் காரணம். பாடப்பிரிவு தேர்ந்தெடுக்க இதைவிடப் பெரிய காரணம் எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா?

அங்கே வினிஃப்ரெட் ஹோல்ட்பி என்று ஒரு மாணவி. நல்ல உயரம், கலகலப்பான சுபாவம். இரண்டு பேரும் ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்டார்கள். முதலில் ஆகவே ஆகாது! ஒரு விவாத மேடையில் வினிஃப்ரெட் எதிர்த்துப் பேச, கூட்டம் அந்தப் பக்கம் சேர்ந்துகொள்ள, வேரா அவமானப்பட்டு அறைக்குப் போய் அழுதார். இத்தனைக்கும் வினிஃப்ரெட்டும் 1918இல் பெண்கள் துணைப்படையில் பிரான்சில் பணிசெய்தவர்தான். பிறகு ஒரு நாள் வேரா உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோது, அதே வினிஃப்ரெட் நலம் விசாரிக்க வந்தார். அன்றைக்குத் தொடங்கிய நட்பு சாகும்வரை நீடித்தது.

வினிஃப்ரெட் என்ன மருத்துவம் செய்துவிட்டார்? "மறந்துவிடு" என்று சொல்லவில்லை. பேசவிட்டார், கேட்டுக்கொண்டிருந்தார். 1921இல் படிப்பு முடிந்ததும் இருவரும் இத்தாலிக்குப் பயணம் போனார்கள். தம்பியின் கல்லறைக்கு வேராவோடு வினிஃப்ரெட்டும் மலையேறினார். பிறகு பிரான்சில் ரோலண்டின் கல்லறைக்கும் கூடவே போனார். தான் பார்த்தே இராத ஒருவனுடைய கல்லறை முன்னால் தோழிக்காக நிற்பது எத்தனை பேரால் முடியும்?

அப்புறம் லண்டனில் ஒரே வீட்டில் தங்கி இருவரும் எழுதினார்கள், மேடைகளில் பேசினார்கள். 1923இல் வேராவின் முதல் நாவலைப் படித்துவிட்டு ஜார்ஜ் கேட்லின் என்பவர் கடிதம் போட்டார். கடிதம் காதலாயிற்று. ஆனால் வேரா உடனே சம்மதிக்கவில்லை. புது வாழ்க்கை அமைத்துக்கொள்வது இறந்தவருக்குச் செய்யும் துரோகமோ என்ற தவிப்பு அவருக்கு இருந்தது. 1925 ஜூனில் திருமணம். மணப்பெண் தோழியாக நின்றவர் வினிஃப்ரெட். முதல் காதலன் இறந்து அப்போது ஒன்பதரை ஆண்டுகள் ஆகியிருந்தன.

காயம் அதோடு ஆறிவிட்டதா? இல்லை. நடந்ததை எழுதினால்தான் ஆறும் என்று வேராவுக்குத் தெரிந்திருந்தது. முதலில் நாவலாக எழுதிப் பார்த்தார், வரவில்லை. கடைசியில் தன் கதையாகவே எழுதினார். அதுதான் 1933இல் வெளிவந்த "டெஸ்டமென்ட் ஆஃப் யூத்". ரோலண்ட் இறந்து ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் கழித்து! அந்தப் புத்தகம் எழுதும்போது வேராவின் இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு, சோர்ந்தபோது தட்டிக்கொடுத்தவர் அதே வினிஃப்ரெட்தான். தன் சிறுநீரக நோயைச் சகித்துக்கொண்டே இதையெல்லாம் செய்தார். 1935இல், 37 வயதில், வினிஃப்ரெட் இறந்துபோனார். அவர் எழுதி முடித்திருந்த "சவுத் ரைடிங்" நாவலை அடுத்த ஆண்டே வெளிவரச் செய்தவர் வேரா. தோழியின் வாழ்க்கையை 1940இல் தனி நூலாகவும் எழுதினார்.

புண் ஆறியது என்பதற்கு என்ன அடையாளம்? இரண்டைச் சொல்கிறேன். 1917இல் பிரான்சில் வேராவுக்கு ஒதுக்கப்பட்ட வார்டு, காயம்பட்ட ஜெர்மானியக் கைதிகளுடையது. தன் காதலனைக் கொன்ற நாட்டார் என்று பாராமல் அவர்களுக்குக் கட்டுப்போட்டார். அன்று கையால் செய்ததைப் பின்னாளில் கொள்கையாக ஏற்றுக்கொண்டார். இரண்டாம் உலகப்போரில் தன் நாட்டு விமானங்கள் ஜெர்மன் நகரங்கள்மீது குண்டு வீசியதைக் கண்டித்து எழுதினார். ஏச்சும் பேச்சும் வாங்கினார். 1949இல் அமைதி மாநாட்டுக்காக நம் நாட்டுக்கு வந்து, சாந்திநிகேதனுக்கும் சேவாகிராமத்துக்கும் போனார். தன் துக்கத்தைப் பழிவாங்கும் கருவியாக அவர் ஆக்கவில்லை. இது ஒன்று. இன்னொன்று, அவர் மறக்கவும் இல்லை. 1970இல் இறந்தபோது, தன் சாம்பலை இத்தாலியில் தம்பியின் கல்லறையில் தூவும்படி சொல்லியிருந்தார். மகள் ஷெர்லி அப்படியே செய்தார்.

2014இல் இந்தக் கதை திரைப்படமாகவும் வந்தது. மாணவர்கள் பார்க்கலாம். ஆனால் புத்தகத்தைப் படியுங்கள். படத்தில் காதல் கிடைக்கும். புத்தகத்தில் அதற்குப் பின்னால் வந்த ஒன்பதரை ஆண்டுகளும் கிடைக்கும்.

நண்பர்களே, இதை ஏன் இங்கே சொல்கிறேன்? 1983க்குப் பிறகு நம் வகுப்புகளில் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். முகாமிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களும் உண்டு. அவர்கள் யாரை விட்டுவிட்டு வந்தார்களோ, எந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தார்களோ, ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நம் பையன்களுக்கும் பெண்களுக்கும்தான் தெரியும். விடிய விடியக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிலர் இதோ இந்த அரங்கத்தில் இருக்கிறார்கள். இன்றைக்கும் தொலைபேசியில் "மச்சான்" என்று கூப்பிட்டுப் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். கல்லூரி கொடுத்த பட்டங்களைவிட அது குறைந்ததல்ல.

மாணவச் செல்வங்களே! உங்கள் வகுப்பிலும் சிரிக்காத முகம் ஒன்று இருக்கலாம். போர்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. விபத்தாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், முதல் காதலாகவும் இருக்கலாம். "எல்லாம் சரியாப் போயிடும், விடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உட்காருங்கள். அந்தப் பெயரை அவர்கள் வாயால் சொல்ல விடுங்கள். எங்கேயாவது கூட வரச் சொன்னால் போங்கள். ஒன்பது வருஷமோ பதினெட்டு வருஷமோ, கணக்குப் பார்க்காதீர்கள். இப்படி ஒரு சந்திப்பு நாளில் இருபது வருஷம் கழித்து அவர்கள் உங்களைத் தேடி வருவார்கள்.