தனித்தொழில் புரிவோரும் வேலைக் குறிப்பேடும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வருமான வரி என்றதும் அது பட்டணத்தார் விவகாரம், நிலத்தில் பாடுபடுவோருக்கு அதனோடு சம்பந்தமில்லை என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. விவசாய வருமானத்துக்கு மத்திய சர்க்கார் வரி விதிப்பதில்லை என்பது மெய்யே. ஆனால் அவ்விலக்கு நிலத்தின் விளைவுக்கே உரியது. சொந்த டிராக்டரை அயலார் நிலத்தில் வாடகைக்கு ஓட்டிப் பெறும் பணத்துக்கு அது செல்லாது; நம் வீட்டுப் பிள்ளைகள் வெளியே சென்று ஈட்டும் பணத்துக்கும் செல்லாது.

வேளச்சேரியை எடுத்துக்கொள்வோம். தண்டீசுவரர் கோயிலும், ஏரியும், அதன் பாய்ச்சலில் விளைந்த வயல்களுமாக இருந்த கிராமம் அது. இன்று சென்னை மாநகராட்சியின் ஒரு பகுதி. 2007 நவம்பரில் பறக்கும் ரயில் அவ்வூர் வரை வந்து சேர்ந்தது. மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் முதலிய ஊர்களிலிருந்து காலையில் பஸ் ஏறி வேளச்சேரிக்கும் அதற்கப்பாலும் கம்ப்யூட்டர் வேலைக்குச் செல்லும் இளைஞர் பலர். அவர்களுள் சிலருக்குக் கம்பெனியார் தரும் கடிதத்தில், "தாங்கள் எங்கள் ஊழியரல்லர், ஆலோசகர்" என்று கண்டிருக்கும். மாதந்தோறும் நூற்றுக்குப் பத்து வீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பெற்றோர் எம்மிடம் வந்து கேட்பது இதுதான்: என் மகன் உத்தியோகஸ்தனா, ஒப்பந்தக்காரனா?

இக்கேள்விக்கு விடை காணும் முறை உழவர்களுக்குப் புதிதன்று. முன்னாளில் பண்ணையாள் என்று ஒருவர் இருந்தார். விடியுமுன் வரவேண்டும்; பண்ணையின் மாட்டைப் பூட்டவேண்டும்; இன்ன வயலில் இன்ன வேலை என்று காரியஸ்தர் சொன்னபடி செய்யவேண்டும். தம் சொந்த ஏரும் மாடும் ஓட்டி வந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, தமக்குச் சௌகரியமான நாளில் உழுது கொடுத்துவிட்டு அடுத்தவர் நிலத்துக்குச் சென்றவரும் இருந்தார். இருவரும் ஒரே மண்ணைத்தான் உழுதனர். ஆயினும் இருவரையும் ஒன்றாக எவரும் கருதியதில்லை. சட்டம் கேட்பதும் ஏறக்குறைய இதுவே: மாடு யாருடையது, நேரம் குறிப்பவர் யார், நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும்?

கடிதத்தில் எழுதியிருக்கும் பட்டத்தைக் கொண்டு நீதிமன்றங்கள் தீர்ப்பதில்லை. 1956இல் சுப்ரீம் கோர்ட்டு முன் சௌராஷ்டிரத்து உப்பளத் தொழிலாளர் வழக்கு ஒன்று வந்தது. தராங்கத்ரா கெமிக்கல் ஒர்க்ஸ் என்ற கம்பெனியின் உப்பளத்தில் குடும்பத்தோடு பாடுபட்ட அகரியாக்களுக்கு மணங்குக் கணக்கில் கூலி. வேலை நேரமில்லை, வருகைப் பதிவேடில்லை. வேண்டுமானால் தம் செலவில் ஆள் வைத்துக்கொள்ளலாம். தூத்துக்குடி, வேதாரணியம் உப்பளங்களை அறிந்தவர்களுக்கு இது கண்முன் தோன்றும். இவர்கள் ஒப்பந்தக்காரர்களே என்று கம்பெனி வாதாடியது. ஆனால் வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் கம்பெனியின் மேற்பார்வை இருந்தமையால் அவர்கள் தொழிலாளரே என்ற முடிவைக் கோர்ட்டு உறுதிப்படுத்தியது. 1973இல் தையற்கடை வழக்கொன்றிலும், உருப்படிக்குக் கூலி பெற்ற தையற்காரர்கள் கடையின் ஊழியரே என்று தீர்ப்பாயிற்று; தையல் மெஷின்கள் கடைக்காரருடையவை என்பது அங்கே முக்கியமாகக் கருதப்பட்டது. இவை தொழிற் சட்ட வழக்குகள். எனினும் சம்பளமா, தொழில் வருமானமா என்ற வரி விவகாரத்திலும் இதே விதமான கேள்விகளே எழுகின்றன. இங்கிலாந்தில் இதற்கென்று 2000 ஏப்ரலில் தனி விதிகளே ஏற்பட்டன.

பணத்தில் இதன் பேதம் எவ்வளவு என்று பார்ப்போம். தகவல் தொழில்நுட்பத்தில் தனித்தொழில் புரியும் ஒருவர் ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் பெறுகிறார் என்று கொள்வோம். உத்தேச வரித் திட்டத்தின்கீழ், பெற்ற தொகையில் பாதியை, அதாவது 9 லட்சத்தை, வருமானமாகக் காட்டலாம். 2025–26 நிதியாண்டின் புதிய முறைப்படி 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அவர் செலுத்தவேண்டிய வரி ஒன்றுமில்லை. மாதந்தோறும் பிடித்த 1,80,000 ரூபாயும் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும். அதே 18 லட்சம் சம்பளமென்று கொள்ளப்பட்டால், 75,000 ரூபாய் நிலைக் கழிவு போக, மேல்வரி உட்பட 1,50,800 ரூபாய் வரி. கலப்பை பிடித்து ஒரு லட்சத்தைச் சேர்ப்பது எவ்வளவு பாடு என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு பேதம் இருக்கும்போது, உண்மையில் நீர் தனித்தொழில் புரிபவர்தானா என்று வரி அதிகாரி கேட்பது நியாயமே.

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். உத்தேச வரித் திட்டத்தில் கணக்குப் புத்தகம் வேண்டாம் என்று சொல்லக் கேட்டு, எந்தக் காகிதமும் வேண்டாம் என்று இருந்துவிடுகின்றனர். செலவுக் கணக்கு எழுதும் சிரமத்தைத்தான் அத்திட்டம் நீக்குகிறது. வந்த பணம் தொழிலில் வந்ததா, சம்பளமாக வந்ததா என்பதைக் காட்டும் பொறுப்பு அப்படியே நிற்கிறது.

ஆகையால் ஒவ்வொருவரும் ஒரு வேலைக் குறிப்பேடு வைத்துக்கொள்வது அவசியம் என்பது எமது கருத்து. நாற்பது பக்க நோட்டு போதும். நாள்தோறும் எழுத வேண்டியதுமில்லை. வேலையின் தன்மையைக் காட்டும் சம்பவம் நேர்ந்த அன்றே, தேதியிட்டு, இரண்டு வரி எழுதவேண்டும். "ஜூன் 4: ஒப்பந்தத்தில் இல்லாத திருத்தம் கேட்டனர், தனிக் கட்டணம் சொன்னோம், ஒப்புக்கொண்டனர்." "ஜூலை 11: நாம் செய்ததில் பிழை, இரண்டு நாள் நம் செலவில் சரி செய்தோம்." "ஆகஸ்டு 2: வேறு கம்பெனி வேலை இருந்ததால் இவர்கள் வேலையை மறுத்தோம்." சொந்தக் கம்ப்யூட்டர் வாங்கிய ரசீது, மின்சாரக் கட்டணம், எண்ணிட்ட பில்கள், வேலை கேட்டும் ஏற்றும் வந்த கடிதங்கள் இவற்றையும் சேர்த்து வைக்கவேண்டும். தமக்குப் பதில் வேறொருவரைக் கொண்டு வேலையை முடித்திருந்தால் அதையும் எழுதவேண்டும். அதற்குத் தனி மதிப்பு உண்டு. நோட்டீஸ் வந்தபின் ஒரே மையில் ஒரே இரவில் எழுதிய குறிப்பேடு யாரையும் ஏமாற்றாது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

இவற்றை ஆறேழு ஆண்டுகளேனும் காப்பது நன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாமறிவோம். நனைந்த காகிதம் சாட்சி சொல்லாது. ஆகவே ஒவ்வொரு தாளையும் போனில் படமெடுத்து மின்னஞ்சலிலும் ஒரு பிரதி வைத்துவிட வேண்டும்.

குறிப்பேடு வேறு விதமாகவும் பேசக்கூடும். காலை 9 மணிக்கு வரவேண்டும், கம்பெனியின் மெஷினிலேயே வேலை, லீவுக்கு அனுமதி, வேறிடத்தில் வேலை செய்யக்கூடாது என்றே பக்கந்தோறும் இருந்தால், கடிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்தப் பிள்ளை ஊழியரே. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் அவருக்கு வருங்கால வைப்பு நிதி கேட்க வழி பிறக்கும். பெண் பிள்ளையானால் பிரசவ கால விடுப்பும் கேட்கலாம். வரியில் சிறிது லாபம் என்று இவ்வுரிமைகளை விட்டுவிடுவது எமக்கு நல்ல பேரமாகத் தோன்றவில்லை. எது உண்மையோ அதன்படி நடக்கட்டும். அதற்கும் அதே நோட்டுத்தான் ஆதாரம்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. கால்வாய் தூர்வாரவும் மோட்டார் பழுது பார்க்கவும் நீங்களும் ஒப்பந்தக்காரருக்குப் பணம் தருகிறீர்கள். ஒரே பில் 30,000 ரூபாய்க்கு மேற்பட்டாலும், ஆண்டில் மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டாலும், தனி நபரானால் நூற்றுக்கு ஒன்று வரி பிடிக்கவேண்டும். அவரிடம் நிரந்தரக் கணக்கு எண் இல்லையேல் நூற்றுக்கு இருபது பிடிக்க நேரிடும். ஆகவே வேலை தருமுன்பே அதைக் கேட்டு வாங்குங்கள். பிடித்த வரியைக் காலத்தில் கட்டி, சான்றிதழைத் தவறாமல் அவர் கையில் கொடுங்கள். அது கிடைக்காமல் அலையும் கொத்தனார்கள் உண்டு.

மே 1ஆம் தேதி கிராம சபை கூடும்போது நிதியாண்டு முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அன்று பத்து நிமிஷம் இதற்கென ஒதுக்கி, வெளியே சென்று ஒப்பந்த வேலை செய்யும் பிள்ளைகளை அவரவர் கடிதத்தையும் பில்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவரோ கணக்குப் படித்த இளைஞரோ ஊரில் இருந்தால் அவரையும் உடன் அமர்த்திக்கொள்ளலாம்.