பையின் பின்பக்கம்

நாய்க்கும் பூனைக்கும் உணவு வாங்கப் போனால் கண் முதலில் போவது பையின் முன்பக்கத்துக்கு. பளபளக்கும் ரோமம், வறுத்த கோழித்தொடை, பச்சைப் பட்டாணி. அதெல்லாம் விளம்பரம். படிக்க வேண்டியது பின்பக்கத்துப் பொடி எழுத்தை.

சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். அது சமைப்பதற்கு முந்தைய எடை. பச்சைக் கோழி இறைச்சியில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஆகவே முதலில் ‘சிக்கன்’, அடுத்து மக்காச்சோளம், கோதுமை, அரிசி என்று வரிசையாக வந்தால், அந்த உணவில் தானியமே மிகுதியாக இருக்கக்கூடும். ‘சிக்கன் மீல்’ என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள். நீரையும் கொழுப்பையும் வடித்து அரைத்த மாவு அது. தரமாகச் செய்திருந்தால் புரதம் செறிந்தது. எந்த விலங்கு என்றே சொல்லாமல் வெறும் ‘மீட் மீல்’ என்று போட்டிருந்தால்தான் எனக்கு உறுத்தும்.

பெயரையும் கவனியுங்கள். அமெரிக்க விதிப்படி ‘வித் சிக்கன்’ என்று போட 3 சதவீதம் கோழி இருந்தாலே போதும். ‘சிக்கன் ஃப்ளேவர்’ என்றால் அந்தச் சுவை தெரியும் அளவு இருந்தால் சரி. அங்கிருந்து இறக்குமதியாகி நம் கடைகளில் விற்கும் பைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

அடுத்தது, பலரும் தடுக்கி விழும் இடம். ஈர உணவுப் பாக்கெட்டில் புரதம் 8 சதவீதம், உலர் உணவுப் பையில் 24 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உலர் உணவுதான் சத்து என்று தோன்றும். ஆனால் ஈரத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். பாக்கெட்டில் ஈரப்பதம் 80 சதவீதம். மிச்சம் 20. அந்த 20-இல் 8 புரதம் என்றால் 40 சதவீதம். பையில் ஈரப்பதம் 10. மிச்சமுள்ள 90-இல் 24, சுமார் 27 சதவீதம். இந்தக் கணக்கைக் கடையில் நின்றபடியே கைபேசியில் போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் புரதம் மட்டும் போதாது. ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்ற வாசகத்தைத் தேடுங்கள். குட்டிக்கா, வளர்ந்ததற்கா என்பதும் பக்கத்திலேயே இருக்கும். அந்த வாசகம் இல்லாதது பெரும்பாலும் தின்பண்டம் அல்லது துணை உணவு. அதையே மூன்று வேளையும் போடக் கூடாது. ‘ஆஃப்கோ அங்கீகாரம்’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஆஃப்கோ என்ற அமெரிக்கச் சங்கம் ஊட்டச்சத்து அளவுகளை வகுக்கிறது. எந்த உணவுக்கும் சான்று தருவதில்லை.

பூனை வளர்ப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். டாரின் என்ற சத்து பூனையின் உடம்பில் போதிய அளவு உற்பத்தியாகாது. உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்துபோகும் என்பதை 1987-இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்குப் பிறகே நிறுவனங்கள் பூனை உணவில் டாரினைக் கூட்டின. தயிர்சாதத்திலும் நாய் உணவிலும் பூனையை வளர்க்கும் வீடுகள் இன்றும் உண்டு. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

பையில் நிறுவனத்தின் தொலைபேசி எண் இருக்கும். கூப்பிட்டு, இந்த உணவை வகுத்தவர் கால்நடை ஊட்டச்சத்து படித்தவரா, ஒவ்வொரு தொகுப்பையும் சோதிக்கிறீர்களா என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாத நிறுவனத்தின் பையை நான் வாங்குவதில்லை.