பெற்றோருடன் கடல் கடந்து

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஆம் ஆண்டு ஒக்டோபரில் பயணிகள் கப்பற் சேவை ஆரம்பமாயிற்று. முதிய பெற்றோரைத் தமிழகத்துக்கு அழைத்துச் செல்ல விரும்பும் பிள்ளைகளுக்கு இது நல்வாய்ப்பாகும். ஆயின், பல குடும்பங்களில் பிரயாணத்தைத் திட்டமிடுபவர் மகன். முடிவைக் கேட்டறிபவர் தந்தை. நாள்தோறும் கோயிலுக்கு நடந்து சென்றுவரும் தந்தையை நாற்காலியில் இருத்தி வைப்பது அன்பாகாது. எதைக் காண விருப்பம் என்று அவரையும் தாயையும் முதலில் வினவுதல் வேண்டும்.

அதன் பின்னரே நேரத்தைக் கணித்தல் தகும். திருச்சி மலைக்கோட்டைக்கு நானூறுக்கு மேற்பட்ட படிகள் உண்டு. காலையில் ஏறுதல் இலகு, நண்பகலிலோ கடினம். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்முற்றம் உச்சிவெயிலில் வெறுங்காலைச் சுடும். ஆகவே, காலையும் மாலையும் தரிசனம், நண்பகலில் ஓய்வு, நாளொன்றுக்கு ஓர் ஊர் போதும். மருந்துகளும் வைத்தியரின் குறிப்பும் கைப்பையிலேயே இருக்கட்டும். கடல் கொந்தளித்தால் கப்பல் புறப்படாது. அதற்கென இரண்டொரு நாளையும் மருந்தையும் மேலதிகமாக ஒதுக்குதல் நன்று.

வீடு கட்டி முடியட்டும், பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்று யாத்திரையைப் பின்போடுவோர் பலர். வீடும் பரீட்சையும் காத்திருக்கும். பெற்றோரின் கால்கள் காத்திருப்பதில்லை.