விலாவில் ஒரு வலி



பெங்களூரின் தென்கோடியில், ஓசூர்ச் சாலையின் ஓரமாக, கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் என்னும் இரு சிற்றூர்களின் நிலத்தில் 332 ஏக்கரில் 1978-ஆம் ஆண்டு தோன்றியது எலெக்ட்ரானிக் சிட்டி. அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து நாள்தோறும் வந்து போவோரும், அங்கேயே அறை எடுத்துத் தங்குவோருமாக நம் தமிழ் மக்கள் அங்கே ஏராளம். கணிப்பொறியின்முன் நாள் முழுதும் அமர்ந்திருப்பவரும் உண்டு. சாரத்தின்மீது ஏறிக் கல் அடுக்குபவரும் உண்டு. இவ்விரு சாராருக்கும் பொதுவான ஓர் உபாதையைப் பற்றி இன்று பேசக் கருதினோம். விலாவில் உண்டாகும் வலியே அது.

விலா வலி என்றதும் நம்மவர் இரண்டே சொற்களில் தீர்ப்புக் கூறிவிடுவர். ஒன்று ‘பிடிப்பு’, மற்றொன்று ‘வாயு’. முன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்துவிடுகிறது. பின்னதுதான் நம்மை ஏமாற்றுகிறது.

மார்புக்கூட்டில் பக்கத்துக்குப் பன்னிரண்டாக விலா எலும்புகள் 24. மேலுள்ள ஏழு இணைகள் குருத்தெலும்பின் வழியே நெஞ்செலும்பை நேராகப் பற்றியுள்ளன; அடுத்த மூன்றும் தமக்கு மேலுள்ள குருத்தெலும்பைப் பற்றி நிற்கின்றன; கடைசி இரண்டிற்கும் முன்புறத்தில் பிடிமானமே இல்லை. மூச்சு விடுந்தோறும் இக்கூடு விரிந்து சுருங்குகிறது. கை ஒடிந்தால் துணியில் கட்டித் தொங்கவிடலாம். விலாவை எதில் தொங்கவிடுவது? ஆகவேதான் இங்கே உண்டாகும் சிறு சுளுக்கும் ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகிறது.

ஆறு நாள் அசையாமல் அமர்ந்திருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பந்தாடச் செல்பவருக்கும், பத்து நாள் விடாமல் இருமியவருக்கும் விலா இடைத் தசைகள் நோவது இயல்பு. எலும்பும் குருத்தெலும்பும் கூடும் இடம் அழற்சியுற்றாலும் வலிக்கும். விரலால் அழுத்தினால் அந்த இடம் நோகும். அங்கே வீக்கமும் சேர்ந்து காணும் ஒரு வகையை 1921-இல் டீட்ஸே என்ற ஜெர்மானிய வைத்தியர் விவரித்தார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. ஓய்வும், வைத்தியர் தரும் சாதாரண மாத்திரையும் இவற்றுக்குப் போதும். எனினும், அழுத்தினால் வலிக்கிறது என்ற ஒன்றைக் கொண்டே இருதயம் நலமாக உள்ளதென்று நாமாக முடிவு கட்டலாகாது.

அடிபட்டவர் செய்தி வேறு. சாரத்திலிருந்து விழுந்தவர், வண்டி சறுக்கி விழுந்தவர், சுளுக்கு வழிப்பவரைத் தேடிச் செல்வது வழக்கம். முறிந்த எலும்பின்மீது எண்ணெய் இட்டு வழிப்பதைவிடத் தீங்கான காரியம் இல்லை. இறுகக் கட்டுப் போடுவதும் இப்பொழுது கைவிடப்பட்ட முறை. மூச்சு ஆழமாகச் செல்லாவிடில் சளி தேங்கி நுரையீரலில் காய்ச்சல் பற்றும். தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமுவதும், அடிக்கடி ஆழ்ந்து மூச்சு இழுப்பதுமே சரியான வழி. முறிவு கூட ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். இடது கீழ் விலாவின் அடியில் மண்ணீரலும், வலப்புறம் கல்லீரலும் உள்ளன என்பதை மறத்தல் கூடாது. அடிபட்டபின் தலைசுற்றலோ, வயிற்று வலியோ, தோள்பட்டையில் நோவோ கண்டால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று ஐயுற வேண்டும். கூலி போய்விடுமே என்று ஒரு நாள் பொறுத்திருப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

இனி அக்கி. ஒரு பக்கத்து விலாவில் மட்டும் எரிச்சலோடு வலி தொடங்கி, சில நாளில் அவ்விடத்திலேயே கொப்புளங்கள் வரிசையாக எழும். சிறுவயதில் கண்ட நீர்க்கொளுவானின் கிருமி நரம்பில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழுவதே இது. ஊரில் குயவரிடம் சென்று காவியால் சிங்கம் எழுதிக்கொள்வர். அவ்வழக்கத்தை நாம் ஏளனம் செய்ய வரவில்லை. ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைத்தியர் தரும் மருந்தைத் தொடங்கினால்தான் நல்ல பலன் உண்டு. குயவரைத் தேடி ஊருக்குப் பஸ் ஏறினால் அந்த நேரம் கழிந்துவிடும்.

பஸ் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ இரவு முழுதும் கால் மடக்கி அமர்ந்து செல்கிறோம். அரிதாகச் சிலருக்குக் கெண்டைக்காலில் இரத்தம் உறைந்து, அவ்வுறைவு நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்ளும். திடீர் மூச்சுத் திணறல், மூச்சிழுத்தால் விலாவில் குத்தல், ஒரு காலில் வீக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். அப்பொழுது உடனே ஆஸ்பத்திரியை அடைய வேண்டும். காய்ச்சலும் இருமலும் கூடிய குத்தல் நுரையீரல் உறையின் அழற்சியாக இருக்கலாம். இருமல் இரண்டு வாரம் கடந்தால் சளிப் பரிசோதனை அவசியம். காசநோய்க்கு அரசு நிலையங்களில் மருந்து இலவசம்.

எண்ணெய்ப் பண்டம் உண்டபின் வலது விலாவின்கீழ் வரும் வலி பித்தப்பைக் கல்லாக இருக்கக்கூடும். அதை இம்மட்டோடு விடுவோம்.

முடிவாக, வாயு. நாம் அறிந்த ஒருவர், நாற்பத்தெட்டு வயது, பொம்மசந்திரத்தில் கடைசல் வேலை. இரவு பத்து மணிக்கு நடுமார்பில் பாரம் வைத்தாற்போல் அழுத்தமும் வியர்வையும் கண்டன. இஞ்சிச் சாறு, ஓமம், சோடா என ஒன்றன்பின் ஒன்றாக வாயுவுக்கு மருந்து நடந்தது. விடியற்காலையில் இ.ஸி.ஜி. எடுத்தபொழுது மாரடைப்பு எனத் தெரிந்தது. பிழைத்தார், ஆனால் இருதயத்தின் ஒரு பகுதி அவ்விரவிலேயே பழுதாகிவிட்டது. இப்பொழுது மாடிப்படி ஏறவும் அவருக்கு இயலவில்லை.

கன்னடத் திரைநடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29-இல் தம் 46-ஆம் வயதில் இருதயக் கோளாறால் மறைந்தபின், இளைஞர் பலர் பெங்களூர் ஜயதேவா இருதய நிலையத்தின் வாயிலில் பரிசோதனைக்குக் கூடினர். அவர் பெயரால் கர்நாடக அரசு பின்னர் ஏற்படுத்திய திட்டத்தில், தாலுகா ஆஸ்பத்திரிகளிலேயே இ.ஸி.ஜி. எடுத்து, உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியை இலவசமாக இடுகின்றனர். அவ்வூசி முதல் சில மணி நேரத்தில்தான் பெரும்பயன் தரும்.

நெஞ்சழுத்தம் சில நிமிடத்தில் தணியாவிட்டாலும், இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினாலும், வியர்வை, மூச்சிரைப்பு, குமட்டல் கூடினாலும் 108-ஐ அழைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கும் பெண்களுக்கும் வலியே இன்றி மூச்சிரைப்பும் சோர்வும் மட்டும் தோன்றுவதும் உண்டு. நோயாளி தாமே இருசக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு செல்லலாகாது.

மொழி தெரியாதே என்று தயங்குவோருக்கு ஒரு வார்த்தை. கன்னடத்தில் விலா எலும்பு ‘பக்கெலுபு’, நெஞ்சுவலி ‘எதெ நோவு’. நம் பக்கமும் நம் நோவுமே அவை. இவ்விரண்டோடு, தாம் இருப்பது முதற்கட்டமா இரண்டாம் கட்டமா, அருகிலுள்ள வாயில் எது என்பதையும் எழுதி அறையின் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். உடன் தங்கியிருப்பவர் புதிதாக வந்தவராயினும் படித்துச் சொல்லிவிடுவார்.