கேமரா ரிக் வந்த கதை

கம்மாபுரத்துலேருந்து பேசுறேன். விருத்தாசலம் சுத்துவட்டாரத்துல குறும்படம் எடுக்கிற தம்பிங்க, தங்கச்சிங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது: "அண்ணே, மிரர்லெஸ் கேமரா வாங்கியாச்சு. ரிக் கட்ட என்னென்ன வாங்கணும்?"

ஒரு பட்டியல் எழுதிக் குடுத்துடலாம். ஆனா அந்தப் பட்டியல்தான் நிறைய பேரோட காசைத் தின்னுடுது. ரிக்னா கேமராவைச் சுத்தி மாட்டுற சாமான்களோட தொகுப்பு. அதுல இருக்கிற ஒவ்வொரு சாமானும் ஏதோ ஒரு குறையைச் சரிக்கட்ட வந்தது. எந்தக் குறை, எப்போ வந்துச்சு, இன்னைக்கு உங்க கையில இருக்கிற கேமராவுல அது இருக்கா? இது தெரிஞ்சா கடைக்காரர் சொல்றதுல எதை விடலாம்னு நீங்களே முடிவு பண்ணலாம்.

சிக்கனமா படம் எடுக்கிறது நமக்குப் புதுசே இல்ல. தமிழ்நாட்டோட முதல் கதைப்படம் 'கீசக வதம்'. 1910-கள் முடியுற சமயத்துல அதை எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். சென்னையில மோட்டார் சாமான் வியாபாரம் பண்ணினவர். ஸ்டூவர்ட் ஸ்மித்னு ஒரு வெள்ளைக்கார ஒளிப்பதிவாளர்கிட்ட, புனேவுக்கே போய்த் தொழில் கத்துக்கிட்டார். தஞ்சாவூர் மூப்பனார் ஒருத்தர்கிட்ட இருந்த வில்லியம்சன் 35 மி.மீ. கேமராவையும் பிரிண்டரையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். நம்ம முதல் படமே செகண்ட் ஹேண்ட் கேமராவுல எடுத்ததுதான்! புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டுல ஸ்டுடியோ போட்டார். வெளிச்சத்துக்கு சூரியன். மேல மெல்லிசு வெள்ளைத் துணியைக் கட்டி, அது வழியா வெயிலைக் கீழே இறக்கினார். கேமராவைக் கையால சுத்தித்தான் ஓட்டணும். இன்னைக்குக் கடையில 'டிஃப்யூஷன்'னு விலை போட்டு விக்கிறாங்களே, அது அந்தத் துணிதான். 1956-ல சத்யஜித் ராயோட 'அபராஜிதோ'வுக்கு ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா துணியை வேற மாதிரி பயன்படுத்தினார். விளக்கை நேரா அடிக்காம, துணியில பட்டுத் திரும்புற வெளிச்சத்துல வீட்டு முற்றத்தைக் காட்டினார். ரெண்டுக்கும் ஒரு வெள்ளை வேட்டி போதும்.

மிரர்லெஸ்னா கண்ணாடி இல்லாததுன்னு அர்த்தம். இப்ப அந்தக் கண்ணாடிக்கு வர்றேன். பழைய கேமராவுல லென்ஸ் பாக்குறதை ஆள் அப்படியே பாக்க முடியாது. பக்கத்துல ஒரு தனி ஃபைண்டர் வெச்சு ஏறக்குறைய இப்படித்தான் வரும்னு நம்பிக்கையில எடுக்கணும். 1937-ல ஜெர்மனியில வந்த ஆரிஃப்ளெக்ஸ் 35 கேமரா, சுத்துற ஷட்டர் மேலேயே கண்ணாடியைப் பதிச்சு அந்தக் கஷ்டத்தைத் தீர்த்துச்சு. லென்ஸ் வழியாவே கண்ணு போச்சு. ஆனா ஃபிலிம் செலவு குறையல. 400 அடி ரோல் நாலரை நிமிஷம்கூட ஓடாது. பின்னாடி கல்யாண வீட்டுக்கு வி.எச்.எஸ்., மினி டிவி (MiniDV) கேமரா எல்லாம் வந்தப்போ டேப் மலிவாச்சு. ஆனா உள்ளே சென்சார் பொடிசு. மாப்பிள்ளை முகமும் பின்னாடி இருக்கிற பந்தக்காலும் ஒரே தெளிவுல விழும்.

2008-ல எல்லாமே மாறிச்சு. ஆகஸ்ட்ல நிக்கான் டி90, செப்டம்பர்ல கேனன் 5டி மார்க் 2. உள்ளே கண்ணாடி வெச்ச டி.எஸ்.எல்.ஆர். ஸ்டில் கேமராவே வீடியோ எடுக்க ஆரம்பிச்சுது. 5டி-யோட சென்சார் 35 மி.மீ. சினிமா ஃபிலிம் சட்டத்தை விடப் பெருசு. போட்டோகிராஃபர் வின்சென்ட் லாஃபோரே அதுல எடுத்த 'ரெவரி' குறும்படத்தைப் பாத்து உலகமே அசந்துச்சு. ஆனா அந்தக் கேமராவுல வீடியோ ஓடும்போது கண்ணாடி மேலே மடங்கிக்கும், வியூஃபைண்டர் இருட்டாயிடும். பின்னாடி இருக்கிற சின்னத் திரையைப் பாத்துத்தான் எடுக்கணும். கேமராவை முகத்துல ஒட்ட வெச்சா ஒரு பிடிப்பு இருக்கும், அது போச்சு. கையை நீட்டினா நடுங்கும்.

டி.எஸ்.எல்.ஆர். ரிக் பிறந்தது அங்கேதான். கை நடுங்குதா, தோள் ரிக். வெயில்ல திரை தெரியலையா, திரை மேல ஒட்டுற பூதக்கண்ணாடிக் குழல். ஃபோகஸைக் கையால திருப்பினா கேமரா ஆடுதா, ஃபாலோ ஃபோகஸ். உள்மைக் சத்தம் மோசமா, தனி ரெக்கார்டர். ஒரு ஃபைல் 4 ஜி.பி. தாண்டாது, சுமார் 12 நிமிஷத்துல நின்னுடும். அதுக்கு மட்டும் மருந்து கிடையாது. ஆரம்பத்துல நொடிக்கு 30 ஃபிரேம் மட்டும்தான். சினிமாவுக்கு வேண்டிய 24-ம் நம்ம டி.வி.க்கு வேண்டிய 25-ம் 2010-ல ஃபர்ம்வேர் மூலமா வந்துச்சு.

நம்ம பக்கத்துல இது சரியான நேரத்துக்கு வந்துச்சு. கலைஞர் டி.வி.யோட 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சி குறும்படக்காரங்களுக்கு மேடை போட்டுது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லாரும் அங்கேருந்து வந்தவங்க. 2012-ல பாலாஜி சக்திவேலோட 'வழக்கு எண் 18/9' வந்துச்சு. ஒளிப்பதிவு விஜய் மில்டன். முழுநீளப் படத்தை டி.எஸ்.எல்.ஆர். ஸ்டில் கேமராவுல எடுத்தாங்க. பிளாட்பாரத்துக் கடை, குறுகலான தெரு, புது முகங்க. அந்தக் கதைக்குப் பெரிய கேமராவை விட இதுதான் பொருத்தம்னு நான் நம்புறேன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதுக்குக் கிடைச்சுது.

மிரர்லெஸ் பிறந்ததும் அதே 2008-லதான், பானாசோனிக் ஜி1. வீடியோவுல சும்மா மடங்கிக் கிடந்த கண்ணாடியை மொத்தமா எடுத்துட்டாங்க. 2014-ல ஜிஎச்4 கேமரா உள்ளேயே 4கே பதிவு பண்ணுச்சு. அதே வருஷம் சோனி ஏ7எஸ் அரையிருட்டுலயும் படம் தந்துச்சு. கண்ணாடி போனதுல பெரிய லாபம் லென்ஸ்ல. கேனன் டி.எஸ்.எல்.ஆர்.ல லென்ஸ் மவுன்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவுல 44 மி.மீ. தூரம். சோனி மிரர்லெஸ்ல 18 மி.மீ.தான். மிச்ச இடத்துல ஒரு அடாப்டர் வளையத்தைப் போட்டா பழைய லென்ஸ் பெரும்பாலும் உக்காந்துடும். சோவியத் காலத்து ஹீலியோஸ் 58 மி.மீ. லென்ஸ் இன்னைக்கும் அழகான முகம் தரும்.

இப்ப அந்தக் குறைங்களைத் திரும்பப் பாருங்க. மிரர்லெஸ்ல எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் இருந்தா அது வீடியோவுலயும் தெரியும், பூதக்கண்ணாடிக் குழல் வேண்டாம். சென்சாரே அசைஞ்சு நடுக்கத்தைக் குறைக்கிற கேமராவா இருந்தா தோள் ரிக் பெரும்பாலும் வேண்டாம். ஆட்டோஃபோகஸ் முகத்தைப் பிடிக்குது, தனியா ஆள் வெச்சு ஃபோகஸ் இழுக்காத படத்துக்கு ஃபாலோ ஃபோகஸும் வேண்டாம். ரிக் சுருங்கியிருக்கணும். ஆனா நம்ம பசங்க கேமராவை விட ரெண்டு மடங்கு கனத்துக்கு மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கு அது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அந்தக் காசுல நாலு நாள் ஷூட்டிங் சாப்பாடு போட்டிருக்கலாம். 2023-ல வந்த 'தி கிரியேட்டர்' 8 கோடி டாலர் ஹாலிவுட் படம், எடுத்தது அப்போ 4,000 டாலருக்கும் கீழே வித்த சோனி எஃப்எக்ஸ்3-ல. அந்தக் கேமரா உடம்புலேயே ஸ்க்ரூ துளைங்க இருக்கு, கேஜ்னு சொல்ற வெளிக்கூடு போடாமலே சாமான் மாட்டலாம்.

தீராத குறை ரெண்டு இருக்கு. ஒண்ணு வெயில். நொடிக்கு 25 ஃபிரேம்னா ஷட்டர் 1/50-ல நிக்கணும். நம்ம உச்சி வெயில்ல ஐ.எஸ்.ஓ. 100 வெச்சாலும் எஃப்22 வரைக்கும் மூட வேண்டி வரும். எஃப்2.8-ல எடுக்க ஆசைப்பட்டா 6 ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்கணும். அதுக்கு என்.டி. ஃபில்டர் கட்டாயம்.

கேஜ், சாமான் மாட்டுற கம்பி எல்லாம் நிஜமாவே வேணும்னா லேத் பட்டறைக்குப் போங்க. அளவு இதுதான்: கம்பி விட்டம் 15 மி.மீ., ரெண்டு கம்பிக்கும் மையத்துக்கு மையம் 60 மி.மீ., ஸ்க்ரூ கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை. சின்ன ரிக்குக்கு உலகம் பூரா பெரும்பாலும் இதே அளவுதான். ஹார்ட்வேர் கடையில கிடைக்கிற கால் இஞ்ச் போல்ட்டே பெரும்பாலும் ஏறிடும்.

நம்ம ஊருக்குன்னு ஒண்ணு சொல்லணும். விருத்தாசலம் பீங்கான் பட்டறைக்குள்ள தயவுசெஞ்சு லென்ஸ் மாத்தாதீங்க. மிரர்லெஸ் பலதுல லென்ஸைக் கழட்டினதும் சென்சார் திறந்தபடி நிக்கும், தடுக்க கண்ணாடி இல்ல. வெள்ளை மாவுத் தூசி அதுல படிஞ்சா ஒவ்வொரு ஃபிரேம்லயும் புள்ளி தெரியும். வெளியே வந்து, கேமராவைக் கீழ்நோக்கிப் பிடிச்சு மாத்துங்க. சூளை பக்கம் நின்னா கேமரா சூடாகி நின்னுடும். ஷாட் முடிஞ்சதும் அணைச்சுடுங்க.

ரெண்டாவது தீராத குறை சத்தம். 2008-ல இருந்த அதே குறை இன்னைக்கும் அப்படியே இருக்கு, கேமராவோட உள்மைக் தூரத்துப் பேச்சை எடுக்காது. கார்த்திகைக்கு அகல் விளக்கு செய்ற அம்மா ஒருத்தரைப் படம் பிடிக்கிறீங்கன்னு வெச்சுக்குங்க. கேமரா பத்தடி தள்ளி நிக்கலாம், மைக் அவங்க புடவைத் தலைப்புல இருக்கணும். அதனால கையில முதல்ல சேர்ற காசை மைக்குக்கும் ரெக்கார்டருக்கும் எடுத்து வைங்க. அடுத்தது என்.டி. ஃபில்டர், அதுக்கப்புறம் பழைய லென்ஸ் ஒண்ணும் அடாப்டரும். கேஜ் பத்தி அப்புறம் யோசிக்கலாம்.